‘கிடைச்சாச்சு’ என்று எழுதிய பிறகு

வாட்ஸ்அப்பில் தினம் ஒரு குழந்தையின் படம் ‘காணவில்லை’ என்று வருகிறது, அரசாங்கமோ இணையதளம், செயலி, ‘ஆபரேஷன் ஸ்மைல்’ என்று ஏதேதோ சொல்கிறது, இவற்றால் பிள்ளைகள் நிஜமாகவே கிடைக்கிறார்களா, இல்லை எல்லாம் கணக்குக் காட்டத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ‘எனக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் நான் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். நாளைக்கு என் பிள்ளைக்கு ஒன்று என்றால் இந்த ஏற்பாடெல்லாம் கைகொடுக்குமா என்பதுதானே உங்கள் கவலை?

நான் சில வருடங்கள் ரயில் நிலையங்களில், தனியாக வந்து இறங்கும் பிள்ளைகளோடு வேலை பார்த்தேன். பிறகு ஒரு மாவட்டத்தில் குழந்தைகள் நலக் குழுவில் மூன்றாண்டுகள் உறுப்பினர். மீட்கப்பட்ட பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யும் குழு அது. போலீஸ் விசாரணையை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். கடத்தல் கும்பல்கள் பற்றி என்னைவிட ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவில் இருப்பவர்கள் நன்றாகச் சொல்வார்கள். கண்டுபிடித்துக் கொண்டுவந்த பிள்ளை நாற்காலியில் உட்காரும்போது எதிர் நாற்காலியில் இருந்த ஆள் நான். அங்கிருந்து தெரிந்ததைத்தான் சொல்கிறேன். இதில் வரும் பிள்ளைகளின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. பயம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022-ல் நாடு முழுக்கக் காணாமல் போனதாகப் பதிவான குழந்தைகள் 83,350 பேர். அதில் பெண் குழந்தைகள் மட்டும் 62,946, அதாவது நான்கில் மூன்று பங்கு. அதே ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 80,561. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து ‘மூவாயிரம் பேர்தான் பாக்கி’ என்று சொல்லிவிட முடியாது. கிடைத்தவர்களில் முந்தைய வருடங்களில் தொலைந்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள், இன்னும் கிடைக்காத பழைய பாக்கியும் தனியே இருக்கிறது. ஆனாலும் ஒன்றைத் தயங்காமல் சொல்லலாம்: தொலைகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் கிடைத்துவிடுகிறார்கள். வேனில் வரும் அந்நியன் தூக்கிக்கொண்டு போவது நடக்காத விஷயமல்ல, ஆனால் என் மேஜைக்கு வந்த கோப்புகளில் அது மிக அபூர்வம். மார்க் குறைந்ததற்கு அடி விழும் என்று பஸ் ஏறியவன், புருஷன் பெண்டாட்டி சண்டையில் அப்பா சொல்லாமல் தூக்கிப்போன குழந்தை, பதினாறு வயதில் காதலித்தவனோடு போன பெண், முன்பணம் வாங்கிக்கொண்டு மில்லுக்கு அனுப்பப்பட்ட சிறுமி, திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிய மூன்று வயது, பேச்சு வராத பிள்ளை. ‘காணவில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் தேடும் வழி வேறு.

சட்டம் இப்போது ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. அதற்குக் கொடுத்த விலை பெரிது. 2006 டிசம்பரில் நொய்டாவில் நிதாரி என்ற இடத்தில் ஒரு வீட்டுக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. அங்கே பிள்ளைகள் தொலைவது அன்றைக்குத் தொடங்கியதல்ல. முன்பே அந்த ஏழைப் பெற்றோர் புகார் சொல்லிச் சொல்லி அலைந்திருந்தார்கள். அதன் பிறகும் ஆறாண்டுக்கு மேல் ஆனது. 2013 மே மாதம் பச்பன் பச்சாவ் ஆந்தோலன் என்ற குழந்தை உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: குழந்தையைக் காணவில்லை என்று புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே விசாரணையைத் தொடங்க வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள் இன்னும் ஒரு படி போகின்றன. நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். குழந்தை என்ன காரணத்தால் போயிருந்தாலும், கண்டுபிடிக்கும் வரை அல்லது நலமாக இருப்பது உறுதியாகும் வரை, அது காணாமல் போன குழந்தைதான். ‘தானா ஓடிப்போச்சு’ என்பது வழக்குப் போடாமல் இருக்கக் காரணமாகாது.

இதெல்லாம் காகிதத்தில். ஸ்டேஷனில் நடப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தேவைப்பட்டால் இந்த இடத்தில்தான் தேவைப்படும். பதறிப்போய் வரும் அம்மாவிடம், ‘சொந்தக்காரங்க வீட்லலாம் பாத்தீங்களா? நாளைக்குக் காலையில வாங்கம்மா’ என்பார்கள். இருபத்து நான்கு மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இரண்டாவது வழி இன்னும் நாசூக்கானது: புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார்கள். ரசீது கையில் வந்ததும் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்துப் பெற்றோர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள், அது இலவசமாகத் தரப்பட வேண்டியது. ‘இது எங்க ஸ்டேஷன் எல்லை இல்லை’ என்றாலும், எந்த ஸ்டேஷனிலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ போடலாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு அதைச் சொல்கிறது. மறுத்தால் புகாரை எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம், அடுத்தது மாஜிஸ்திரேட். நாள் கடந்தும் அசைவில்லை என்றால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு போடுகிறார்கள். அந்த மனுவில் நோட்டீஸ் போன மறுநாளே தனிப்படை அமைக்கப்பட்ட கதைகள் எனக்குத் தெரியும். கோபமாக வரும், என்ன செய்வது.

ஸ்டேஷனுக்கு ஒருவர் போகும்போதே இன்னொருவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்: கிணறு, தொட்டி, சம்ப், பக்கத்துக் குட்டை. அடுத்தது பூட்டிய கார், கட்டிலுக்கு அடி, பீரோ. யாரோ கடத்திவிட்டார்கள் என்று ஊரெல்லாம் தேடிக்கொண்டிருக்க, குழந்தை வீட்டு வளாகத்திலேயே கிடந்ததைக் கேட்டிருக்கிறேன், அதை விரித்துச் சொல்ல மனமில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். 1996-ல் மும்பையில் டாடா சமூக அறிவியல் கழகத்தின் ஒரு சிறு களத்திட்டமாகத் தொடங்கியது அது. பல ஆண்டுகள் தொண்டு நிறுவனங்கள் நடத்தின. 2023-ல் அரசே எடுத்துக்கொண்டு 112 அவசர எண்ணோடு இணைத்தது. இந்த மாற்றம் நல்லதா என்பதில் எங்கள் வட்டாரத்திலேயே இரண்டு கருத்து. எனக்குப் பழைய ஆட்களின் தெருத்தெருவாக நடந்தே தேடும் பழக்கம், எந்த டீக்கடைக்காரர் எதைப் பார்த்திருப்பார் என்ற அறிவு, கைவிட்டுப் போனதாகத் தோன்றுகிறது. அது வயதானவரின் புலம்பலாகவும் இருக்கலாம்.

இனி நீங்கள் கேட்ட இணையதளங்கள். ‘ட்ராக் சைல்டு’ என்பதில் ஒரு பக்கம் காவல் நிலையங்கள் தொலைந்த பிள்ளைகளைப் பதிவு செய்யும், மறு பக்கம் காப்பகங்கள் தங்களிடம் உள்ள பிள்ளைகளைப் பதிவு செய்யும், இரண்டையும் கணினி பொருத்திப் பார்க்கும். தொலைந்த, கண்ணில் பட்ட பிள்ளைகளின் விவரத்தைப் பொதுமக்களே பதிவிட 2015 ஜூனில் ‘கோயா பாயா’ வந்தது. பிறகு இவை மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ‘மிஷன் வாத்சல்யா’வின் தளத்துக்குள் சேர்க்கப்பட்டன. யோசனை அருமையானதுதான். எங்கே இடிக்கிறது என்று ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன்.

எட்டு வயது என்று எழுதியிருந்தார்கள். ரயிலில் வந்தவன். காப்பகத்தில் ‘இந்தி பேசும் சிறுவன்’ என்று குறித்திருந்தார்கள், இந்தி தெரிந்தவர் பேசினால் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். அலுவலகத்துக்கு எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சித்தாள் வேலைக்கு வந்த ஒடிசாக்காரர் ஒருவர் தண்ணீர் கேட்க உள்ளே வந்தார். பையன் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, ‘இது எங்க பக்கத்துப் பாஷை’ என்றார். நாங்கள் அதுவரை ஊர் பெயர், மாவட்டம், அப்பா பெயர் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் கேட்டது: ‘உங்க ஊர்ச் சந்தை எந்தக் கிழமை? சந்தைக்குப் போக ஆறு தாண்டணுமா?’ பையன் சடசடவென்று பேசினான். சந்தைப் பெயர் கிடைத்தது, அதிலிருந்து காவல் நிலையம், அங்கே புகார் ஏற்கெனவே இருந்தது. இதில் வேதனை என்னவென்றால் இணையதளத்திலும் அவன் இருந்தான், இரண்டு பக்கத்திலும். அங்கே வயது பதினொன்று, இங்கே எட்டு. பெயரில் இரண்டு எழுத்து வித்தியாசம். அங்கே ஏற்றிய படம் நான்கு வயதில் மொட்டை போட்டபோது எடுத்தது. கணினி இருவரையும் வேறு வேறு பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டது.

முகத்தைக் கணினியே அடையாளம் காணும் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். 2018 ஏப்ரலில் டெல்லி போலீஸ் காப்பகங்களில் இருந்த 45,000 பிள்ளைகளின் படங்களை அப்படிச் சோதித்து, நான்கே நாளில் ஏறக்குறைய மூவாயிரம் பேரை அடையாளம் கண்டதாகச் செய்தி வந்தது. அடுத்த ஆண்டே, அந்தக் கருவிக்கு ஆண் பெண் வித்தியாசம்கூடப் பிடிபடவில்லை என்று மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமே டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது. முதல் செய்தி இன்னும் பகிரப்படுகிறது, இரண்டாவதை யாரும் பகிர்வதில்லை. என் அனுபவத்தில் சத்தமில்லாமல் வேலை செய்தது ஆதார்தான். காப்பகத்துப் பிள்ளையைப் பதிவுக்குக் கூட்டிப்போவோம், ‘ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது’ என்று கைரேகை திரும்பி வரும், அந்தத் திரும்பி வந்த காகிதமே வீட்டைக் காட்டிக்கொடுக்கும். பேச முடியாத பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். ஆனால் ஐந்து வயதுக்கு முன் கைரேகை எடுப்பதில்லை. உங்கள் மகளுக்கு ஆறு வயது என்பதால் சொல்கிறேன், ஐந்தில் செய்ய வேண்டிய புதுப்பித்தலைச் செய்துவிட்டீர்களா?

‘ஆபரேஷன் ஸ்மைல்’ 2014-ல் காஜியாபாத் போலீஸ் தொடங்கியது. அதைப் பார்த்து உள்துறை அமைச்சகம் 2015 ஜனவரியில் நாடு முழுக்கச் செய்தது, அதே ஆண்டு ஜூலையில் ‘முஸ்கான்’ என்று அதே மாதிரி இன்னொரு தேடல். ஒரு மாதம் முழுக்க போலீஸ் காப்பகம் காப்பகமாக ஏறி இறங்குவது நல்ல விஷயம், அதில் வீடு சேர்ந்தவர்கள் உண்டு. மாதக் கடைசியில் எண்ணிக்கை சொல்ல வேண்டியிருப்பதால் சிக்னலில் பேனா விற்கும் பிள்ளையையும், பின்னாலேயே பிளாட்பாரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாலும், ‘மீட்பு’ என்று கொண்டுவந்து நிறுத்துவதும் உண்டு. ரயில்வே பாதுகாப்புப் படையைப் பற்றி மட்டும் மனதாரச் சொல்வேன். ரயில் நிலையங்களில் உள்ள குழந்தைகள் உதவி மையமும் அந்தப் படையும் சேர்ந்தால் பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டும் முன் பிடித்துவிடலாம். வீட்டை விட்டுப் புறப்படும் பையனுக்குத் தெரிந்த ஒரே பெரிய வாசல் ஸ்டேஷன்தான்.

இவ்வளவும் பிள்ளை கிடைப்பது பற்றி. நான் உண்மையில் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடப்பது. கிடைத்த பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். குழு சமூக விசாரணை அறிக்கை கேட்க வேண்டும், பெற்றோர் பார்த்துக்கொள்ளத் தகுதியானவர்களா என்று பார்த்த பிறகுதான் ஒப்படைக்க வேண்டும். நடப்பது என்ன? அம்மா அழுதுகொண்டு வாசலில், ஏட்டுக்கு வேறு பந்தோபஸ்து, குழுவில் அன்றைக்கு இன்னும் பதினெட்டுக் கோப்பு. ‘எச்சரித்து பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டார்’ என்று ஒரு வரி. கிடைச்சாச்சு. அரசின் கணக்கு அங்கே முடிகிறது.

ஒரு பையன் எங்களிடம் மூன்று முறை வந்தான். முதல் இரண்டு முறை அந்த ஒரு வரியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. ‘ஏன்டா ஓடினே?’ என்றால் ‘ஊர் சுத்திப் பார்க்க’ என்பான், சிரிப்பான். மூன்றாம் முறை புதிதாக வந்திருந்த ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன செய்வான் என்று கேட்டுக்கொண்டே போனார். ராத்திரி எங்கே படுப்பாய் என்றதற்கு ‘மொட்டைமாடி’ என்றான். மழை பெய்தால்? ‘மழை பெய்தாலும்.’ ஏன் என்றதும் கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். கீழே கூடத்தில் அவனுக்குப் பக்கத்தில் படுப்பவர் சித்தப்பா. அன்றைக்கே போக்சோ சட்டத்தில் புகார் போனது. இரண்டு முறை அவனைப் பத்திரமாகக் கூட்டிப்போய் அதே வீட்டில் விட்டவர்கள் நாங்கள்.

காணாமல் போவதும் பாலியல் கொடுமையும் அரசாங்கத்தில் இரண்டு தனித்தனிப் பிரிவு, இரண்டு தனி அறிக்கை. பிள்ளைக்கு இரண்டும் ஒரே கதை. 2007-ல் மத்திய அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பேசிய பிள்ளைகளில் 53 சதவீதத்துக்கும் மேலானோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பழைய ஆய்வு, சீண்டல் என்பதற்கு அது எடுத்துக்கொண்ட பொருளும் அகலமானது, அதனால் அந்த எண்ணை இன்றைய அளவாக நான் வைக்க மாட்டேன். ஆனால் அதே ஆய்வு சொன்ன வேறு இரண்டு விஷயங்கள் நான் பார்த்த கோப்பு ஒவ்வொன்றோடும் பொருந்துகின்றன: செய்தவர்களில் பெரும் பகுதி பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் சொல்லவில்லை.

2012 நவம்பர் 14-ல் அமலுக்கு வந்த போக்சோவில் பிள்ளைக்குச் சாதகமாக நிறைய இருக்கிறது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், சீருடை கூடாது, ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம் என்கிறது 19, 21-வது பிரிவுகள். பள்ளி நிர்வாகம் ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்று பெற்றோரை அழைத்தால், புகார் தராமல் அப்படிப் பேசி மறைப்பது ஓராண்டு வரை சிறைக்கு உரிய செயலாகலாம். விசாரணையை இயன்றவரை ஓராண்டில் முடிக்க வேண்டும் என்று 35-வது பிரிவு சொல்வது மட்டும் பல இடங்களில் ஆசையாகவே நிற்கிறது. எட்டாம் வகுப்பில் நடந்ததற்குக் கல்லூரி முதலாண்டில் வந்து சாட்சி சொன்ன பெண்ணோடு கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். தடுப்பு என்ற பக்கத்தில்தான் அரசு இன்னும் மெலிந்து இருக்கிறது. கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒவ்வொரு ஊராட்சியிலும் உண்டு. பல ஊர்களில் அது ஒரு நோட்டும் கையெழுத்தும்தான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் புகார் எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்தது நல்ல காரியம், 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது பலன்.

பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் பற்றிச் சுருக்கமாக. எண்ணிக்கையில் பெண்கள் அதிகம் இருப்பதற்குக் காதலித்துப் போவதும் ஒரு காரணம் என்று என் கோப்புகள் சொல்கின்றன. கண்டுபிடித்ததும் அது போக்சோ வழக்காகிறது, பையனுக்குப் பத்தொன்பது என்றால் ஜெயில். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்து செய்து, இந்தச் சட்டம் இதற்காக வந்ததல்ல என்றார். 2023-ல் சட்ட ஆணையமோ சம்மதத்துக்கான வயது வரம்பைப் பதினெட்டிலிருந்து குறைக்க வேண்டாம் என்றது. எனக்கு இதில் ஒரே முடிவு இல்லை. ‘காதல்’ என்று வந்த பெண்களில் மூன்றாவது சந்திப்பில் ‘அவன் என்னை வித்துட்டான் அக்கா’ என்றவளும் உண்டு, நிஜமாகவே வீட்டுக் கல்யாண ஏற்பாட்டிலிருந்து தப்பி வந்தவளும் உண்டு. முதல் நாளில் இருவரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள்.

இனி அந்த வாட்ஸ்அப் படங்கள். 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வட தமிழகத்தில் பரவியிருந்தபோது, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போன ஒரு வயதான அம்மா குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் இறந்தே போனார். அதனால் படம் வந்தால் முதலில் தேதியும் காவல் நிலையத்தின் பெயரும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த ஸ்டேஷனுக்குப் பேசிவிட்டுப் பகிருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். தனியாக நிற்கும் பிள்ளையை நேரில் பார்த்தால் படம் எடுக்காமல் 1098-ஐக் கூப்பிட்டு, ஆள் வரும் வரை பக்கத்தில் நில்லுங்கள். கிடைத்துவிட்டது என்று தெரிந்தால் நீங்கள் அனுப்பிய குழுக்களில் அழித்துவிடுங்கள். மீட்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் கிடைத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. பதினொன்றாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள், பக்கத்து பெஞ்சுப் பெண் செல்போனை நீட்டி, ‘இது நீதானே? உன்னைக் காணோமாமே’ என்று கேட்டிருக்கிறாள்.